ஒரே விலாசத்தில் மூன்று லெட்சுமிகள்

முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர் வாரந்தோறும் எனக்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பிவைக்கிறார். புரோகிராமர்களுக்கான செய்திக் கடிதம் அது. புதிதாக என்ன வந்திருக்கிறது, எதை எப்படிச் சுருக்கமாகச் செய்யலாம் என்று பத்துக் குறிப்புகள் இருக்கும். நான் இனி ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. ஆனாலும் காலைக் கோப்பியோடு அதைப் படிக்காமல் விடுவதில்லை. பாதிதான் புரியும். புரியாத பாதியையும் படித்துவிடுவேன்.

போன வாரம் வந்ததில் நாலாவது குறிப்பு: ஒரே ஆளின் விவரம் இரண்டு முறை பதிவாகியிருந்தால், அதை ஒரே வரியில் நீக்குவது எப்படி? கீழே அந்த வரியும் இருந்தது. நல்ல, சுத்தமான வரி, குற்றம் சொல்ல முடியாது. அதே வேலைக்கு எனக்கு ஒரு பெட்டி நிறைய அட்டைகளும் மூன்று வாரமும் பிடித்தன. அந்த வேலையில் நான் செய்த தப்பை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இந்த வயதில் யாரும் என்னை வேலையை விட்டு நிறுத்தப்போவதில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அப்பா ரயில்வேயில் கார்டு. ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் கோயில், மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம். ஐந்தாம் படிவம் முடித்ததும் டைப்பிங் தெரியும் என்ற ஒரே தகுதியில் கோலாலம்பூரில் ஒரு கணினி நிலையத்தில் சேர்ந்தேன். மற்ற அலுவலகங்கள் கொடுக்கும் வேலைகளைக் கணினியில் செய்து தரும் இடம் அது. கணினி படிப்பதற்காக அட்டையில் துளை போடும் இயந்திரத்தின் முன்னால் இரண்டு வருடம் உட்கார்ந்தேன். பிறகு ஒரு பரீட்சை வைத்தார்கள். அதில் தேறிய இரண்டு பெண்களில் நானும் ஒருத்தி. ஆறு மாதம் கோபால் (COBOL) என்ற கணினி மொழி படித்தேன். எழுபதுகளின் கடைசியில் நான் முழு புரோகிராமர். அம்மா அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிச் சொன்னபோது, கணினியையே நான்தான் செய்தேன் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்து வேலை முறையைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. புரோகிராமை முதலில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுத வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. துளை போடும் பெண்கள் அடித்துக் கொடுத்த அட்டைகளை வரிசையாக அடுக்கி, கட்டின் மேல்புறத்தில் குறுக்காக ஒரு சாய்கோடு போடுவோம். கட்டு கைநழுவிக் கொட்டிவிட்டால் அந்தக் கோட்டைப் பார்த்துத் திரும்ப அடுக்கலாம். செய்திக் கடிதத்தில் இன்னும் வராத குறிப்பு அது. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் உங்கள் கட்டு கணினிக்குள் போகும். ஒரு முற்றுப்புள்ளி விடுபட்டிருந்தால் மறுநாள் காலையில்தான் தெரியும். அதனால் உள்ளே அனுப்புவதற்கு முன்னால் தாளில் வைத்தே சோதிக்க வேண்டும். டெஸ்க் செக் என்போம்.

எங்களுக்கு டெஸ்க் செக் செய்தவர் மிஸ்டர் தம்பிராஜா. யாழ்ப்பாணத் தமிழர், அவருடைய அப்பா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகக் குடும்பம். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு மர ரூலரை என் தாளில் முதல் வரியின் கீழே வைப்பார். நான் அந்த வரி என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்.

"இந்தக் கட்டம் வெறுமையா இருந்தா என்ன செய்யும், பிள்ளை?"

பதில் சொன்னால்தான் ரூலர் அடுத்த வரிக்கு இறங்கும். முந்நூறு வரி இருந்தால் முந்நூறு தடவையும் இப்படித்தான். எனக்குப் பைத்தியம் பிடிக்கும். அவருக்குப் பிடிக்காது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோப்பு இருக்கும். அதன் முதல் பக்கத்தில் அவரே கோடு போட்டு வைத்த ஒரு கட்டம்: "பாரம் நிரப்பப்படும் இடத்தை நேரில் பார்த்தேன்." பக்கத்தில் தேதி, கையெழுத்து. ஒரு ஆஸ்பத்திரி வேலை என்றால் புரோகிராம் எழுதுகிறவள் அந்தப் பதிவு மேசைக்கே போக வேண்டும். யார், எந்தப் பேனாவால், எந்த அவசரத்தில் பாரத்தை, அதாவது படிவத்தை, நிரப்புகிறார்கள் என்று நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பென்சிலைத் தொடலாம்.

மலிவு விலை வீட்டுப் பட்டியல் என்னிடம் வந்தது அப்போதுதான். வீடு கட்டித் தரும் ஒரு வாரியம், பெயர் வேண்டாம். கிள்ளான் பக்கத்தில் சில ரப்பர் தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் காலி செய்ய வேண்டும். அவர்களுக்காகக் கட்டிய வீடுகளுக்கு விண்ணப்பப் பாரங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. வீட்டுக்கு ஆசைப்பட்டுப் பலர் இரண்டு பாரம் போட்டிருந்தார்கள். இரட்டைப் பதிவுகளை எடுத்துவிட்டுச் சுத்தமான பட்டியல் தர வேண்டும். இதுதான் எனக்கு வந்த வேலை.

அடையாள கார்டு எண், நாங்கள் ஐசி எண் என்போம், இருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் கணிசமான பாரங்களில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. பிறந்த தேதியையும் நம்ப முடியவில்லை. ஏகப்பட்ட பேர் ஜனவரி முதல் தேதியில் பிறந்திருந்தார்கள். தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அப்படி எழுதியிருந்தார். அதனால் நான் ஒரு விதி வைத்தேன். ஐசி எண் இல்லையென்றால், பெயர், தகப்பன் பெயர், விலாசம் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். முதலில் வந்த பாரத்தை வைத்துக்கொள். பின்னால் வந்ததை ஒதுக்கு.

தோட்டத்துக்கு நான் போகவில்லை. போகாததற்குப் பஸ் சரியில்லை, நேரமில்லை என்று எதையாவது சொல்லலாம். உண்மை அதுவல்ல. அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நானும் தமிழச்சிதானே, எனக்குத் தெரியாததா? அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்கள் குவாட்டர்ஸில் 'தோட்டத்து ஆட்கள்' என்று சொல்லும்போது ஒரு தொனி இருக்கும். அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. கிராணிக்கு ஒரு போன் போட்டு இரண்டு கேள்வி கேட்டேன். கோப்பில் தேதி போட்டு, பார்த்தேன் என்று கையெழுத்தும் போட்டேன்.

டெஸ்க் செக்கில் ரூலர் அந்த வரிக்கு வந்தபோது மிஸ்டர் தம்பிராஜா கொஞ்ச நேரம் நிறுத்தினார்.

"ஒரே பேர், ஒரே தகப்பன், ஒரே விலாசம். ரெண்டு ஆள் இருக்க ஏலாதோ?"

"ஒரே வீட்டுல ரெண்டு புள்ளைக்கு யாரு சார் ஒரே பேரு வைப்பா?"

"பாரம் நிரப்பின இடத்தைப் போய்ப் பாத்தனீரோ?"

"பாத்தேன் சார்."

ரூலர் அடுத்த வரிக்கு இறங்கியது.

பட்டியல் வாரியத்துக்குப் போனது. ஒதுக்கிய பெயர்களையும் தனியாக அச்சிட்டு எங்கள் அலமாரியில் வைத்தோம்; அது அவருடைய கட்டளை. அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வரவேற்பில் இருந்த சீனப் பெண் என்னைக் கூப்பிட்டாள். யாரோ ஓர் அம்மா தமிழில் ஏதோ கேட்கிறார், உனக்குத்தான் புரியும் என்றாள். வெளியே வந்தேன். நாற்பது வயது இருக்கும். துவைத்துத் தேய்த்த கைலி, பூப்போட்ட சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள்ளிருந்து, பாரத்தின் அடியிலிருந்து கிழித்துக் கொடுத்த துண்டை எடுத்து நீட்டினார்.

"வீட்டு வாரியத்துக் கவுண்டர்ல கேட்டேம்மா. பேரு ரெண்டு தடவ வந்திருக்கு, கம்ப்யூட்டர் எடுத்துருச்சின்னு சொல்றாங்க. நான் ஒரே ஒரு பாரந்தான் போட்டேன். அங்க ஒரு நல்ல மனுசன் இந்த இடத்த எழுதிக் குடுத்தாரு. யாரு எடுத்தது? அவங்கள நான் பாக்கணும்."

துண்டில் லெட்சுமி, தகப்பன் பெயர் முனியாண்டி என்று இருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"ஐசி நம்பர் ஏன்கா எழுதல?"

"எங்க லயம் ஆத்தோரம். வெள்ளம் வந்தப்ப எல்லாம் தண்ணியில போச்சு. எங்க வரிசையில பாதிப் பேருக்கு ஐசி இல்ல. புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கு, இன்னும் வரல."

"அக்கா, லெட்சுமி முனியாண்டிங்கிற பேருக்கு வீடு கெடச்சிருக்கே."

"அதான்மா நானும் சொல்றேன். அது மேல்லயத்து லெட்சுமி. நான் ஆயாக்கொட்டக லெட்சுமி. புள்ளைங்கள பாத்துக்கிற வேல. அவ அப்பா முனியாண்டி வேற, எங்கப்பா முனியாண்டி வேற. பாலத்தடி லெட்சுமின்னு இன்னொருத்தி இருக்கா, அவ அப்பாவும் முனியாண்டிதான். தோட்டத்துல முனியாண்டிக்கா பஞ்சம்?"

"ஆனா விலாசம் மூணு பேருக்கும்..."

"ஆபீஸ் விலாசந்தான். எல்லாருக்கும் அதானே. கடுதாசி வந்தா கிராணி பெரட்டுல பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு."

எங்கள் குவாட்டர்ஸில் ஒவ்வொரு வீட்டுக்கும் எண் உண்டு. அங்கே நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே விலாசம். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும்.

"நான்தாங்கா அந்தப் புரோகிராம எழுதினது. நான்தான் எடுத்தேன்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நீங்களா? தமிழ் ஆளா இருந்துகிட்டா?" என்றார்.

மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும், இரண்டு பிள்ளைகள், புருஷன் இறந்து மூன்று வருஷம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். வாரியம் வெள்ளிக்கிழமை பட்டியலை உறுதி செய்யப்போகிறது என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்குப் பிறகு ஆண்டவரே வந்தாலும் ஒரு பெயர் சேர்க்க முடியாது. என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று சொல்லி அவரைப் பஸ்ஸுக்கு அனுப்பினேன்.

அலமாரியைத் திறந்து ஒதுக்கிய பட்டியலை எடுத்தேன். அந்த ஒரு தோட்டத்திலேயே ஐசி எண் இல்லாமல் நாற்பதுக்கு மேல். இதில் யார் உண்மையிலேயே இரண்டு பாரம் போட்டவர், யார் இன்னொரு லெட்சுமி என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. துளை போடும் இயந்திரம் பக்கத்து அறையில்தான் இருந்தது. பட்டியலிலும் ஓர் ஆளுக்கு ஓர் அட்டைதான்; லெட்சுமிக்கு மட்டும் ஓர் அட்டை அடித்துக் கட்டுக்குள் செருகிவிட்டால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. எனக்கும் கெட்ட பேர் வராது. எழுந்து அந்த அறைக்குப் போய் நாற்காலியில் உட்காரவும் செய்தேன். மற்ற நாற்பது பேரையும் அந்தத் தாளிலேயே விட்டுவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. தாளை மடித்துக்கொண்டு மிஸ்டர் தம்பிராஜாவின் அறைக்குப் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கோப்பை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து, என் கையெழுத்தின் கீழே ரூலரை வைத்தார்.

"நீர் போகேல்லை."

"இல்ல சார்."

அழுதுவிடக்கூடாது என்று அவர் பையிலிருந்த சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கையெழுத்தைப் பாத்திட்டு நானும் இருந்திட்டன்," என்றார் கடைசியில். "நாளைக்கு ரெண்டு பேரும் போவம். அந்தத் தாளைக் கொண்டு வாரும். ரூலரை நான் கொண்டு வாறன்."

புதன்கிழமை அவருடைய பழைய காரில் கிள்ளான் போனோம். வழியெல்லாம் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"ஒரு அட்டையைச் செருகியிருக்கலாம். எனக்குத் தெரிய வந்திராது."

"நெனச்சேன் சார்."

"ம்," என்றார். அது திட்டா பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெட்டிய ரப்பர் பாலை நிறுத்து முடிந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கிராணி எல்லாரையும் பிரட்டுக் களத்தில் கூட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. மிஸ்டர் தம்பிராஜா ஒரு மேசை கேட்டு வாங்கிப் போட்டு, தாளை விரித்து, முதல் பெயரின் கீழே ரூலரை வைத்தார். நான் சத்தமாக வாசிக்க வேண்டும்.

முதல் பெயருக்கு இரண்டு ஆண்கள் வந்தார்கள், இருவருக்கும் ஒரே பெயர். ஒருவர் லோரிக்கார ஆறுமுகம், ஒருவர் மீசை ஆறுமுகம். அடுத்த பெயருக்கு ஒரே ஆள் நெளிந்துகொண்டு வந்தார். "மூணு பாரம் போட்டேன் சார். ஒண்ணாவது விழும்னு," என்றார். கூட்டமே சிரித்தது. மிஸ்டர் தம்பிராஜா சிரிக்காமல் சிவப்பில் ஒரு குறி போட்டார். இப்படி ஒவ்வொன்றாக. கிராணிக்கும், வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் யாரைக் கூப்பிட்டாலும் எந்த ஆள் என்று தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி, அந்த ஊர் முழுக்கத் தெரிந்தது. பாரத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

"லெட்சுமி, தகப்பன் பெயர் முனியாண்டி."

ஆயாக்கொட்டகை லெட்சுமி வந்து நின்றார். மேல்லயத்து லெட்சுமியும், கிடைத்த வீடு போய்விடுமோ என்ற பயத்தில் வந்து நின்றார். மூன்றாவது ஆள் வரவில்லை.

"பாலத்தடி லெட்சுமி எங்கே?" என்று கேட்டேன்.

"அவ போயிட்டாம்மா," என்றார் ஆயாக்கொட்டகை லெட்சுமி. "பட்டியல்ல பேரு இல்லைன்னு கிராணி சொன்ன மறுவாரமே புள்ளைங்கள கூட்டிகிட்டு கெளம்பிட்டா. காஜாங் பக்கம் யாரோ சொந்தம்னு சொன்னா. எனக்குக் கேக்கத் தெரிஞ்சிச்சு, பஸ் ஏறி வந்து கேட்டேன். அவளுக்குக் கேக்கலாம்னே தெரியல."

நாற்பது சொச்சத்தில் ஏறக்குறைய பாதி தனித்தனி ஆட்கள். வியாழக்கிழமை முழுக்க அட்டை அடித்தேன், நானே. வெள்ளிக்கிழமை காலை மிஸ்டர் தம்பிராஜா திருத்திய பட்டியலை வாரியத்துக்குத் தன் கையாலேயே எடுத்துப் போனார். அங்கே என்ன பேசினார், என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று சொல்லவில்லை. பட்டியலை மாற்றிக்கொண்டார்கள். ஆயாக்கொட்டகை லெட்சுமிக்கு இரண்டாம் மாடியில் வீடு கிடைத்ததாகக் கிராணி போனில் சொன்னார். பாலத்தடி லெட்சுமியின் பெயரையும் சேர்த்திருந்தோம். அவருக்குப் போன கடிதம் தோட்டத்து ஆபீசுக்கே போனது. அவருக்கென்று இருந்த ஒரே விலாசம் அதுதான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் காஜாங் போனேன். பஸ் நிலையத்தில், கடைகளில், பக்கத்துத் தோட்டங்களில் கேட்டேன். லெட்சுமி என்று நிறையப் பேர் இருந்தார்கள். வீட்டை ஏற்றுக்கொள்ள வாரியம் கொடுத்த கெடு முடிந்ததும் அந்த வீடு காத்திருந்த வேறொருவருக்குப் போனது.

அதன்பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் புரோகிராம் எழுதினேன். அட்டை போனது, டேப் போனது, கோபாலும் போனது. பாரம் நிரப்பும் இடத்தைப் பார்க்காமல் ஒரு வேலையையும் தொடவில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை என்னென்னவோ சொன்னார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும்.

செய்திக் கடிதம் அனுப்புகிறவருக்குப் போன வாரம் பதில் போட்டேன். நாலாவது குறிப்போடு இதையும் சேர்க்கச் சொல்லுங்கள் என்று: நீக்குவதற்கு முன்னால் பட்டியலை அச்சிட்டு, அதில் இருக்கிறவர்கள் எதிரில் ஒரு தடவை சத்தமாக வாசிக்கவும். உடனே பதில் வந்தது. "லட்சக்கணக்குல பேரு இருந்தா என்ன பண்றது அக்கா?" என்று கேட்டிருந்தார். ஒரு பக்கமாவது வாசியுங்கள் என்று எழுதினேன்.

அந்த வேலையை முடித்து மூடிய நாள் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. மிஸ்டர் தம்பிராஜா என் பொய்க் கையெழுத்தைக் கோடு போட்டு அடிக்கவில்லை. அதன் கீழே புதிய தேதி எழுதி, என்னை மறுபடி கையெழுத்துப் போடச் சொன்னார். இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோப்பில் இருந்தன. தோட்டத்தில் வாசித்த தாளையும் அதில் சேர்த்துக் கட்டினார். அதில் பெயர்களுக்குப் பக்கத்தில் அவர் கையாலேயே ஒரு கட்ட வரிசை கூட்டியிருந்தார்: 'இப்போது இருக்கும் இடம்.' எல்லாப் பெயருக்கும் எதிரே எழுதியிருந்தது; பாலத்தடி லெட்சுமியின் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. ரூலரை அந்த வரியின் கீழே வைத்தார். அவருடைய வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கோப்பை மூடி என் கையில் கொடுத்தார்.